பஞ்ச்அவுட் இடையிணைப்புச் சேவை: டர்பனிலிருந்து ஒரு வழங்குநரின் மதிப்பீடு

வழங்குநரின் பொருட்பட்டியலைப் பெரிய நிறுவனங்களின் மின்கொள்முதல் அமைப்புகளோடு இணைத்துத் தரும் இடையிணைப்புச் சேவை ஒன்றை எங்கள் நிறுவனம் பயன்படுத்தி வருகிறது. இந்த வகைச் சேவைகளை விற்கிறவர்கள் எழுதும் அறிமுகங்கள் நிறையக் கிடைக்கின்றன. பணம் கொடுத்துப் பயன்படுத்துகிறவர்கள், அதிலும் சிறு வழங்குநர்கள், எழுதியவை அரிதாகவே கண்ணில் படுகின்றன. சேவையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை பின்னர் சரிசெய்யப்பட்டுவிட்டன. அவை இதே வேலையைச் செய்யும் வேறு எந்தச் சேவையிலும் தலைகாட்டக்கூடியவையும்கூட. வாங்குபவரை எங்கள் இணையக் கடைக்குள் அழைத்து வருவதில் இச்சேவை மிகச் சிறப்பானது. அவர் நிரப்பிய கூடையை அவருடைய அமைப்புக்குத் திருப்பி அனுப்புவதில்தான் தடுமாறியது. சேவையை விற்க வருகிறவர்கள் எப்போதும் முதல் பாதியைத்தான் காட்டுகிறார்கள். சேவையை வாங்குகிறவர்கள் இரண்டாம் பாதியைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே ஜேக்கப்ஸ், மொபேனி, ப்ரோஸ்பெக்டன் என்று தொடரும் தொழிற்பேட்டைகளில் எங்களைப் போன்ற வழங்குநர்கள் பலர் இருக்கிறார்கள். நாங்கள் விற்பது தொழிலாளர் பாதுகாப்புப் பொருள்கள்: கையுறை, தலைக்கவசம், காதடைப்பான், முகமூடி, இரும்பு முனை வைத்த காலணி. சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம் தொடங்கிய நிறுவனம் இது. இன்றும் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்காவும் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் மாமாவும் உறவினர்கள்தாம். வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள், துறைமுகப் பணிமனைகள், வட கடற்கரைச் சர்க்கரை ஆலைகள் ஆகியவை எங்கள் வாடிக்கையாளர்கள். தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் நடந்துவந்த வியாபாரத்தை இவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மின்கொள்முதல் அமைப்புக்குள் கொண்டுபோனார்கள். ‘உங்கள் பொருள்கள் எங்கள் அமைப்பில் தெரிய வேண்டும், இல்லையென்றால் எங்கள் ஆட்களால் உங்களிடம் வாங்க முடியாது’ என்ற கடிதம் வந்த பிறகு, இணைவதா வேண்டாமா என்ற விவாதத்துக்கே இடமில்லை.

இணைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பொருட்பட்டியலை ஒரு கோப்பாக ஆக்கி வாங்குபவரிடம் ஒப்படைத்துவிடுவது. அரிபா என்ற மின்கொள்முதல் மென்பொருள் நிறுவனத்தின் சிஐஎஃப் கோப்பு இதற்குப் பழைய, இன்றும் புழக்கத்தில் உள்ள வடிவம். மற்றொன்று பஞ்ச்அவுட்: வாங்குபவரின் அமைப்பிலிருந்தே அவருடைய ஊழியர் எங்கள் இணையக் கடைக்குள் வந்து, பொருளைத் தேர்ந்து, கூடையோடு தம் அமைப்புக்குத் திரும்புவது. விலை நிலையாக இருக்கும் இடத்தில் கோப்பே போதும். எங்கள் சரக்கில் பெரும்பங்கு இறக்குமதி. எங்கள் நாணயமான ரேண்டின் மதிப்பு ஆடும்போதெல்லாம் விலை மாறும். கோப்பைத் திருத்தி அனுப்பி, வாங்குபவரின் அலுவலகம் அதைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்வதற்குள் அடுத்த மாற்றம் வந்துவிடும். அதனால் முதன்மையான வாடிக்கையாளர்களுக்குப் பஞ்ச்அவுட்டையே தேர்ந்தோம்.

பஞ்ச்அவுட் நடக்கும் விதத்தைச் சற்று விளக்கினால்தான் குறைகள் எங்கே முளைக்கின்றன என்பது புரியும். அரிபா நிறுவனம் 1999-இல் கொண்டுவந்த சிஎக்ஸ்எம்எல் என்ற தகவல் வடிவத்தில், வாங்குபவரின் ஊழியர் எங்கள் கடையின் படத்தை அழுத்தியதும், அவருடைய அமைப்பு எங்கள் பக்கத்துக்கு ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. அதில் அனுப்புகிற நிறுவனத்தின் அடையாளம், முன்பே ஒப்புக்கொண்ட இரகசியச் சொல், இந்த அமர்வுக்குரிய குறியீடு, கூடையைத் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி ஆகியவை இருக்கும். நாங்கள் அதைச் சரிபார்த்து, தொடக்கப் பக்கத்தின் முகவரியைப் பதிலாக அனுப்ப வேண்டும். ஊழியர் கடைக்குள் வந்து, அவருடைய நிறுவனத்துக்கென ஒப்பந்தத்தில் பேசிய விலையில் பொருள்களைப் பார்க்கிறார். இறுதியில் பணம் கட்டுவதில்லை. கூடையைத் திருப்பி அனுப்பும் பொத்தானை அழுத்துகிறார். அப்போது ஒவ்வொரு பொருளின் எண், விவரம், அளவலகு, விலை, நாணயம், வகைப்பாட்டுக் குறியீடு ஆகியவை அவருடைய உலாவி வழியாகவே அவருடைய அமைப்புக்குச் சென்று கொள்முதல் கோரிக்கையாக மாறுகின்றன. மேலதிகாரி ஒப்புதல் தந்த பிறகே கொள்முதல் ஆணை எங்களுக்கு வரும்.

எஸ்ஏபி என்ற வணிக மென்பொருள் நிறுவனம் உருவாக்கிய ஓசிஐ என்ற மற்றொரு முறை இதைவிட எளிமையானது. அதில் இரு அமைப்புகளுக்கிடையே முன்கூட்டிய கைகுலுக்கல் கிடையாது. பயனர் பெயர், கடவுச்சொல், திரும்பும் முகவரி மூன்றையும் சுமந்துகொண்டு உலாவி நேரடியாகக் கடைக்கு வந்துவிடும். கடவுச்சொல் உலாவி வழியே வெளிப்படையாகச் செல்வதால் எனக்கு இம்முறை பிடிப்பதில்லை. ஆனால் 2012-இல் அரிபாவையே வாங்கிய எஸ்ஏபியின் பழைய அமைப்புகளை வைத்திருக்கும் ஆலைகள் இன்னும் இதைத்தான் கேட்கின்றன. வாடிக்கையாளர் கேட்கும் வாசலைத் திறக்காமல் இருக்க வழியில்லை.

இடையிணைப்புச் சேவையின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. ஒரு வாடிக்கையாளர் அரிபா வைத்திருக்கிறார், இன்னொருவர் கூபா, மூன்றாமவர் ஓரக்கிள், நான்காமவர் ஓசிஐ. ஒவ்வொன்றும் ஒரே தகவலை வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு விதத்தில் எதிர்பார்க்கிறது. சேவையோ எங்கள் இணையக் கடையோடு ஒரேயொரு இணைப்பை வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் எத்தனை வகையான அமைப்பு இருந்தாலும் அதற்கேற்ப மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. முதல் வாடிக்கையாளரை இணைக்க நாங்கள் பட்ட பாடு இரண்டாமவருக்குத் தேவைப்படவில்லை. ஊழியர் நுழையும்போது அவர் எந்த நிறுவனம், எந்தக் கிளை என்பதைக் கண்டறிந்து அதற்குரிய விலையையும் அனுமதிக்கப்பட்ட பொருள்களையும் மட்டும் காட்டுவதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஒரு வாடிக்கையாளரின் ஒப்பந்த விலை இன்னொருவர் கண்ணில் பட்டால் என்ன நடக்கும் என்பதைத் தொழில் செய்கிறவர்கள் அறிவார்கள். அந்த அச்சத்திலிருந்து இச்சேவை எங்களை முழுமையாக விடுவித்தது. இதற்காக நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

இனி திரும்பும் பாதை. எங்களுக்கு வந்த முதல் சிக்கல் விவரக் குறிப்பின் நீளத்தில் இருந்தது. ஓசிஐ முறையில் பொருளின் விவரத்துக்கு 40 எழுத்து இடம்தான் உண்டு; நீண்ட விவரத்துக்குத் தனியான புலம் இருந்தாலும், ஒப்புதல் தருகிற அதிகாரியின் திரையில் வருவது பெரும்பாலும் அந்த 40 எழுத்துதான். எங்கள் பட்டியலில் ஒரு கையுறையின் பெயர் தயாரிப்பாளரில் தொடங்கி, பூச்சின் வகை, வெட்டைத் தாங்கும் தரநிலை என்று நீண்டு, கடைசியில் அளவில் முடியும். சேவை அதை 40-ஆவது எழுத்தில் கத்தரித்து அனுப்பியது. 8, 9, 10 ஆகிய மூன்று அளவுகளில் கையுறை கேட்டிருந்த ஒரு சர்க்கரை ஆலையின் கோரிக்கையில், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக மூன்று வரிகள் வந்து நின்றன. ஆலையின் பண்டகசாலையைக் கவனிக்கும் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, ஒரே கையுறையை மூன்று தடவை அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டை எடுத்துவிட்டேன்” என்றார். “அங்கிள், அவை மூன்றும் வேறு வேறு அளவு, எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள்” என்று சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. நடுத்தர அளவுக் கையுறை மட்டும் போய்ச் சேர்ந்திருந்தால் அந்த ஆலையில் பாதிப்பேர் கைக்குப் பொருந்தாத உறையோடு வேலை செய்திருப்பார்கள்.

சேவையின் உதவிக் குழுவிடம் இதைக் கொண்டுபோனபோது, 40 எழுத்து வரம்பு ஓசிஐயின் விதி என்று பதில் வந்தது. விதி உண்மைதான். ஆனால் எதைக் கத்தரிப்பது என்பதை விதி சொல்லவில்லை. அதைத் தீர்மானிப்பது இடையில் நிற்கிறவரின் கடமை. பின்னர் அவர்களே ஒரு வசதியைச் சேர்த்தார்கள்: குறுகிய விவரத்தை எங்கள் தரவின் எந்தப் புலங்களிலிருந்து, எந்த வரிசையில் தொகுக்க வேண்டும் என்று நாங்களே அமைத்துக்கொள்ளலாம். இப்போது பொருளின் பெயருக்கு அடுத்தபடி அளவும் நிறமும் வருகின்றன, தயாரிப்பாளர் பெயர் கடைசிக்குப் போய்விட்டது. சேவை வாங்க நினைக்கிறவர்கள் இந்த வசதி உண்டா என்று முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டும்.

அளவலகு இதைவிட ஆபத்தானது. மின்கொள்முதல் அமைப்புகள் பொதுவாக ஐக்கிய நாடுகளின் வர்த்தகக் குறியீட்டுப் பட்டியலில் உள்ள அளவலகுகளை எதிர்பார்க்கின்றன. அதில் ஒற்றைப் பொருளுக்கு ஒரு குறியீடு, ஜோடிக்கு ஒன்று, டஜனுக்கு ஒன்று, டஜன் ஜோடிக்கென்றே தனியாக ஒன்று என்று எல்லாம் வகுக்கப்பட்டிருக்கின்றன. கையுறை வியாபாரத்தில் தொழிற்சாலைக்கு டஜன் ஜோடியாகவும், சிறு பட்டறைக்கு ஜோடியாகவும் விற்கிறோம். எங்கள் கடையில் இவை சரியாகவே பதிவாகியிருந்தன. சேவையின் பொருத்த அட்டவணையிலோ டஜன் ஜோடி என்ற குறியீடே இல்லை. அறியாத அலகு எதுவானாலும் அதை ‘ஒன்று’ என்று மாற்றி அனுப்புமாறு முன்னிருப்பாக வைத்திருந்தார்கள். விலை டஜன் ஜோடிக்குரியது, அலகு ‘ஒன்று’. ஒப்பந்த விலையைச் சரிபார்க்கும் ஆலையின் அமைப்பு, ஒரு ஜோடியின் விலை பன்னிரண்டு மடங்கு ஏறிவிட்டதாக எண்ணிக் கோரிக்கையை நிறுத்தி வைத்தது. நிறுத்தி வைத்ததே நல்லது. அந்தச் சரிபார்ப்பு இல்லாத ஒரு வாடிக்கையாளரிடம், பன்னிரண்டு ஜோடி வேண்டும் என்று நினைத்து ஊழியர் 12 என்று இட்டிருந்தால், பன்னிரண்டு டஜன் ஜோடியைக் கிடங்கு மாமா வண்டியில் ஏற்றியிருப்பார்.

அறியாத அலகைக் கண்டால் நிறுத்திக் கேட்க வேண்டுமேயன்றி, ஊகித்து அனுப்பக் கூடாது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. பிழை காட்டி நிற்கும் கூடையால் ஒரு தொலைபேசி அழைப்புதான் செலவு. பிழையோடு போய்ச் சேரும் கூடையால் சரக்குத் திருப்பம், கடன் குறிப்பு, மனக்கசப்பு என்று தொடரும். இதை வற்புறுத்திச் சொன்ன பிறகு எங்கள் கணக்குக்கு மட்டும் முன்னிருப்பை மாற்றித் தந்தார்கள். அனைவருக்கும் மாற்றியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு வரக்கூடிய ஒரு தொல்லையையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸில் இந்நாட்டுக்குரிய வட்டார அமைப்பைத் தேர்ந்தால், தசமத்துக்குப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வரும். ஆயிரத்து இருநூற்று நாற்பத்தொன்பது ரேண்ட் ஐம்பது சென்ட் என்பதை 1 249,50 என்று கணினி எழுதும். அதே அமைப்பில் எக்செல் தாளைச் சிஎஸ்வி என்ற உரைக் கோப்பாகச் சேமித்தால், புலங்களைப் பிரிக்கக் காற்புள்ளியை விட்டுவிட்டு அரைப்புள்ளியைப் போடும். சிஐஎஃப் கோப்போ காற்புள்ளியால் பிரிக்கப்படுவது. சிஎக்ஸ்எம்எல்லில் விலைக்குத் தசமப் புள்ளிதான் வேண்டும். எங்கள் கணக்குப் பிரிவு அக்கா அனுப்பிய விலைக் கோப்பில் ஒரு பெட்டி முகமூடி 86,40 என்று இருந்தது. சேவை அந்தக் காற்புள்ளியை ஆயிரப் பிரிப்பாக எடுத்துக்கொண்டு 8640 ரேண்ட் என்று காட்டியது. நல்ல வேளையாகச் சோதனைச் சூழலிலேயே பிடிபட்டது. இந்நாட்டில் வாடிக்கையாளர்கள் இருக்கும் ஒரு சேவை இதை முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க வேண்டும். இன்று கோப்பை ஏற்றும்போதே எந்தத் தசமக் குறி என்று கேட்கிறது; முந்தைய விலையிலிருந்து மிகவும் விலகிய வரிகளைத் தனியாக எடுத்துக் காட்டவும் செய்கிறது. இந்த இரண்டாவது வசதியை நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகவே சேர்த்தார்கள்; அதுதான் இச்சேவையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சமாகிவிட்டது.

விலை பற்றிய பேச்சில் வாட் வரியையும் விட முடியாது. 2018 ஏப்ரல் 1 அன்று 14 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக உயர்ந்த இந்த வரி, 2025 மே 1 முதல் 15.5 ஆகும் என்று அறிவிக்கப்பட்டு, ஏப்ரல் இறுதியில் அந்த உயர்வு கைவிடப்பட்டது. அதற்குள் நாட்டிலுள்ள கடைகளும் கணக்கு மென்பொருள்களும் புதிய விகிதத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தன. பஞ்ச்அவுட் கூடையில் நாங்கள் அனுப்பும் விலை வரி சேர்க்காதது; வரியை வாங்குபவரின் அமைப்பு தானே கணக்கிடுகிறது. பொதுமக்களுக்கான எங்கள் இணையக் கடையிலோ வரி சேர்த்த விலைதான் தெரியும். இரண்டையும் ஒரே தரவிலிருந்து எடுக்கும்போது, எந்த விலை எந்த வாசலுக்கு என்பதைச் சேவை தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. விகிதத்தை ஓர் இடத்தில், நடைமுறைக்கு வரும் தேதியோடு எழுதினால் போதும். அந்த ஏப்ரலில் நாங்கள் எழுதி வைத்த புதிய வரியை நீக்கியதோடு வேலை முடிந்தது.

வகைப்பாட்டுக் குறியீடு பெரும்பாலான வழங்குநர்கள் அக்கறை காட்டாத பகுதி. யுஎன்எஸ்பிஎஸ்சி என்ற எட்டு இலக்கக் குறியீட்டை ஒவ்வொரு பொருளுக்கும் இட வேண்டும். இரண்டிரண்டு இலக்கமாகப் பெரும்பிரிவு, குடும்பம், வகுப்பு, பொருள் என்று அது இறங்கும். பாதுகாப்புக் கையுறைக்கு 46181504. வாங்குபவரின் அமைப்பு இந்த எண்ணைப் பார்த்துத்தான் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது, ஒப்புதலுக்கு யாரிடம் அனுப்புவது என்பதை முடிவு செய்கிறது. எண் தவறினால் கையுறைக் கோரிக்கை பாதுகாப்பு அதிகாரிக்குப் போகாமல் அலுவலக எழுதுபொருள் பார்ப்பவரின் மேசையில் கிடக்கும்; எங்களுக்கோ ஆணை ஏன் வரவில்லை என்பதே தெரியாது. சேவை இதில் தானாக எதுவும் செய்வதில்லை, எண் இல்லாத பொருள்களைப் பட்டியலிட்டுக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. அதுவே நியாயம். பொருளைத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டிய வேலை இது. கிடங்கு மாமாவும் நானும் அதைச் செய்தோம், ஒரு பெட்டியில் எத்தனை ஜோடி என்பது முதல் எல்லாவற்றையும் சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்தே எழுதினோம்.

கூடையைத் திருப்பி அனுப்பிய பிறகு வாங்குபவர் அதைத் திருத்த விரும்புவார். அதிகாரி ‘பத்து வேண்டாம், ஆறு போதும்’ என்று கோரிக்கையைத் திருப்பிவிடுவது அன்றாடம் நடப்பது. சிஎக்ஸ்எம்எல்லில் இதற்கு வழி இருக்கிறது: புதிதாக நுழைவது, பழைய கூடையைத் திருத்த வருவது, வெறுமனே பார்க்க வருவது என்று கோரிக்கையிலேயே பிரித்துச் சொல்லலாம். ஒவ்வொரு பொருளோடும் நாங்கள் அனுப்பிய துணை அடையாளத்தை வாங்குபவரின் அமைப்பு திருப்பித் தரும். அதை வைத்துப் பழைய கூடையை மீட்டெடுக்க வேண்டும். சேவையின் விளம்பரத்தில் இந்த வசதி உண்டு என்றே எழுதியிருந்தது. நடைமுறையில் திருத்த வந்தவருக்குக் காலிக் கூடைதான் திறந்தது. காரணம், அவர்கள் கூடையைக் குறுகிய காலமே சேமித்து வைத்தார்கள்; ஒப்புதலோ ஒரு வாரம்கூட எடுக்கும். இப்போது சேமிப்புக் காலத்தை நீட்டியிருக்கிறார்கள் என்றாலும், சேவையைச் சோதிக்கிறவர்கள் கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சில நாள் கழித்து அதே கூடையைத் திறந்து பார்க்க வேண்டும். விற்பனை அரங்கில் ஐந்து நிமிடத்தில் காட்டப்படும் திருத்தம் எதையும் நிரூபிக்காது.

உலாவி தொடர்பான ஒன்றையும் இங்கே சேர்க்கிறேன். 2020-இல் கூகுள் குரோம், பிற தளங்களிலிருந்து வரும் குக்கிகளை, அதாவது வந்தவரை அடையாளம் காண உலாவியில் சேமிக்கப்படும் சிறு தகவல்களை, கையாளும் முறையை இறுக்கியது. சில மின்கொள்முதல் அமைப்புகள் வழங்குநரின் கடையைத் தம் பக்கத்துக்குள் பதித்த சட்டகம் ஒன்றில் திறக்கின்றன. உரிய குறிப்பு இல்லாத குக்கி அங்கே செல்லாது, ஆகவே உள்ளே வந்தவர் அடுத்த பக்கத்தை அழுத்தியதும் யாரென்று தெரியாதவராகிவிடுவார். இச்சேவை தன் பக்கத்தில் இதைச் சரியாகவே செய்திருந்தது. பழைய இணையக் கடை மென்பொருளை வைத்திருப்பவர்கள் தங்கள் பக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருளைத் தேடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாங்குகிற ஊழியர்கள் கடைக்கடையாக ஏறி இறங்குவதில்லை. தம் அமைப்பின் தேடல் பெட்டியில் ‘கையுறை’ என்று எழுதி, அங்கே வருவதை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் நிலைப் பஞ்ச்அவுட் என்று சொல்லப்படும் முறையில் எங்கள் பொருள்கள் அந்தத் தேடலிலேயே தோன்றி, அழுத்தியதும் நேரே எங்கள் பொருள் பக்கத்துக்குக் கொண்டுவரும். சேவை இதை அரிபாவுக்கு மட்டுமே செய்து தருகிறது. அரிபா வாடிக்கையாளரிடம் இதை இயக்கிய பிறகு, அதுவரை எங்களிடம் கேட்டே இராத பிரிவுகளிலிருந்தும் ஆணை வரத் தொடங்கியது. மற்ற அமைப்புகளுக்கும் அவர்கள் இதைச் செய்ய வேண்டும் என்பது என் முதன்மையான வேண்டுகோள்.

கொள்முதல் ஆணை வந்து சேர்வது, அதை எங்கள் கணக்கு மென்பொருளில் ஏற்றுவது, இன்வாய்ஸைத் திருப்பி அனுப்புவது ஆகியவை குறையின்றி நடக்கின்றன. ஆணையிலுள்ள விலையும் கூடையில் அனுப்பிய விலையும் ஒன்றா என்று சேவை ஒப்பிட்டுச் சொல்வதால், அக்காவுக்கு மாதக் கடைசியில் இருந்த பாதி வேலை குறைந்துவிட்டது.

தனிப்பட்ட தகவல் பற்றி நாங்கள் கேட்ட கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தது. பஞ்ச்அவுட் கோரிக்கையில் ஊழியரின் பெயர், மின்னஞ்சல், செலவுப் பிரிவு ஆகியவை வருவதுண்டு. 2021 ஜூலை முதல் முழுமையாக அமலாகும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றுக்கு நாங்களும் பொறுப்பு. எந்தத் தகவல் எங்கே, எவ்வளவு காலம் சேமிக்கப்படுகிறது என்பதை எழுத்தில் தந்தார்கள். தேவையற்ற புலங்களைச் சேமிக்காமல் கடத்திவிடும் வசதியும் இருக்கிறது. உதவிக் குழு ஐரோப்பிய நேரத்தில் இயங்குவது எங்களுக்குச் சாதகம், இரண்டு நாட்டுக் கடிகாரமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஓடுகின்றன. ஆனால் சர்வர்களும் ஐரோப்பாவிலேயே இருக்கின்றன. 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் கடலடிக் கேபிள்கள் பழுதானபோது தென்னாப்பிரிக்காவிலும் இணையம் தடுமாறியது நினைவிருக்கும். ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் பெரிய மேகக்கணினி நிலையங்கள் இருக்கும்போது, உள்நாட்டில் ஒரு நகலை வைப்பது அவர்களுக்குக் கடினமான காரியமல்ல.

கட்டணம் இரண்டு வகை: ஒவ்வொரு வாடிக்கையாளரை இணைக்கும்போதும் ஒரு தொகை, பிறகு இணைப்புக்கு இவ்வளவு என்று மாதந்தோறும். வரவு செலவைப் பார்த்தால், அடிக்கடி வாங்கும் வாடிக்கையாளர்களிடம் இது எளிதாக ஈடாகிறது. ஆண்டுக்கு நாலைந்து ஆணை மட்டும் தருகிறவருக்காக இதை எடுப்பது வீண்செலவு. எஸ்ஏபியின் வணிக வலையமைப்பில் கட்டணமில்லாத எளிய கணக்கு ஒன்று உண்டு, மின்னஞ்சலில் வரும் ஆணையிலிருந்தே நுழைந்து பதில் அளிக்கலாம், அது போதும். அரசுத் துறைகளுக்கு மட்டும் விற்கிறவர்கள் தேசியக் கருவூலத்தின் மத்திய வழங்குநர் தரவுத்தளத்தில் பதிவு செய்து விலைக்கோரல்களுக்குப் பதில் தருவதே பெரும்பாலான வேலை என்பதால், அவர்களுக்கும் இச்சேவை தேவைப்படாது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பெருநிறுவன வாடிக்கையாளர்கள், வெவ்வேறு அமைப்புகள், அடிக்கடி மாறும் விலை என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஒப்பந்தத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. அளவலகுப் பொருத்தம், வகைப்பாட்டு எண்கள், குறுகிய விவரத்தைத் தொகுக்கும் வரிசை, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உரிய தனி விதிகள் என்று நாங்கள் உழைத்து உருவாக்கிய அட்டவணைகள் எல்லாம் சேவையின் தளத்துக்குள்தான் இருக்கின்றன. முதல் ஒப்பந்தத்தில் அவை யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சேவையை மாற்ற நேர்ந்தால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருந்திருக்கும். புதுப்பிக்கும் நேரத்தில், இந்த அட்டவணைகள் வழங்குநருடைய சொத்து, கேட்டபோதெல்லாம் திறக்கக்கூடிய கோப்பாகத் தரப்பட வேண்டும் என்ற விதியைச் சேர்க்கச் சொன்னோம். அவர்கள் ஒப்புக்கொண்டு, முதல் கோப்பை அனுப்பிவைத்து, அதை அக்கா தன் கணினியில் திறந்து வரிக்கு வரி பார்த்த பிறகே கையொப்பமிட்டோம்.